இரண்டாம் ஓலைக்கு முன் சவுரியம்மாளைத் தேடி...

இன்று காலை, எங்கள் பூர்வீகப் பங்குக் கோவிலின் அலுவலகத்தில்...

எந்தத் தேர்வு அறையிலும் நான் இவ்வளவு பயந்ததில்லை, நண்பர்களே!

(எட்டாம் வகுப்போடு பள்ளி நின்றது. ஆலை வேலைக்குப் போய்க்கொண்டே தனியாகப் படித்துப் பட்டம் பெற்றவள் நான். தேர்வு அறைகள் எனக்குப் புதியவை அல்ல.)

காரணத்தை முறையாக எடுத்துரைக்கிறேன்.

மகள் ஸ்டெல்லாவுக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. மாப்பிள்ளை பிரவீன், கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் சூப்பர்வைசர்.

சென்ற ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். (திருமண அறிவிப்பைத்தான் ஓலை என்போம். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் முன்வந்து சொல்ல வேண்டும்.)

மதியமே அந்தோணி சித்தப்பா வந்துவிட்டார். டீயைத் தொடவில்லை.

"இன்னாம்மா, மாப்ள ஊட்டப் பத்தி விசாரிச்சியா இல்லியா? அந்தப் பையனோட தாத்தா ராயப்பன் யாரு தெரிமா? நம்ம சவுரியம்மா அத்தை பெத்த புள்ள!"

சவுரியம்மாள் என் தாத்தாவின் தங்கை. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாதவர். அதற்கு மேல் அவரைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசியதில்லை.

"அவங்களுக்குத்தான் கல்யாணமே ஆவலியே, சித்தப்பா?"

"அத்தத்தான் நானும் சொல்றேன்! ஊரே அவன சவுரியம்மா புள்ளன்னுதான் கூப்புடும். அண்ணன் தங்கச்சி மொற வருது. ரெண்டாவது ஓல வாசிக்கறப்ப நானே எழுந்து சொல்லிடுவேன், ஆமா!"

விரல் மடக்கிக் கணக்கிட்டேன். சித்தப்பா சொல்வது உண்மையானால், பிரவீன் என் மகளுக்கு அண்ணன் முறையேதான்!

சம்பந்தியிடம், அதாவது பிரவீனின் தந்தையிடம், எப்படிக் கேட்பது? "தங்கள் தந்தையாரைப் பெற்றவர் யார்?" என்றா? (எந்த நடையில் எழுதிப் பார்த்தாலும் அடி விழும் போலிருந்தது.)

ஐந்து நாள் சோறு இறங்கவில்லை.

ஸ்டெல்லா மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "யம்மா, நான் பிரவீன் கிட்ட சொல்லிடட்டா?"

"நான் கோவிலின் ஞானஸ்நான ஏட்டைப் பார்க்கும்வரை வாய் திறக்காதே!"

ராயப்பனும் ஆரணிப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய பங்கில் பிறந்தவர்தான். ஆகவே இன்று விடுப்பு எடுத்து, பேருந்து பிடித்து, அங்கு கோவில் ஏடுகளைக் காக்கும் உபதேசியார் முன் நின்றேன்.

"ஐயா, எம் மூதாதையரின் ஞானஸ்நானப் பதிவினைப் பார்வையிட அனுமதி வேண்டி வந்துள்ளேன்."

"இன்னா டீச்சரம்மா, மைக்குல பேசற மாறி பேசற? பேரச் சொல்லு."

முதலில் சவுரியம்மாளின் பதிவு கிடைத்தது. திருமணத்தைக் குறிப்பதற்கென்று ஓரத்தில் விட்ட இடம் வெறுமையாக இருந்தது.

அடுத்து ராயப்பன். தாள்கள் அப்பளம் போல் நொறுங்கின. உபதேசியார் ஒவ்வொன்றாகப் புரட்ட, நான் ஒவ்வொன்றுக்கும் ஓர் 'அருள்நிறை மரியே' செபம் சொன்னேன்.

மூன்றாம் ஏட்டில் ராயப்பன் அகப்பட்டார்.

அதே வரிசையில், சவுரியம்மாள்!

கட்டங்களின் தலைப்புகளோ லத்தீனில்! (ஆங்கிலத்தை நானாகவே கற்றேன். லத்தீன் வரை இன்னும் செல்லவில்லை.)

பைக்குள் ஸ்டெல்லாவின் அழைப்பு ஒலித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத் துணிவில்லை.

"யம்மா, இன்னாத்துக்கு அழுவற?" என்று பதறினார் உபதேசியார்.

"தாயார் பெயர்... சவுரியம்மாள்..."

"எங்க? நல்லாப் பாரும்மா! மொதக் கட்டம் புள்ள. அப்பால தகப்பன், தாய். சின்னப்பன், அருளாயி. எழுதிக் கீது பாரு! ஒன் சவுரியம்மா கடைசியில கீறாங்க. அது ஞானத்தாய் கட்டம்!"

ஞானத்தாய்! ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர்!

உடனே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. "ஐயா, அந்த ஞான உறவும் திருமணத்துக்குத் தடையாகுமோ?"

"அந்தச் சட்டம் எப்பவோ போச்சு. அதுவும் தூக்கனவங்களுக்கும் புள்ளைக்கும்தான். ஒம்பொண்ணு இன்னா பண்ணுச்சு? போயி நாஷ்டா துன்னு, மூஞ்சி வெளுத்துக் கீது."

அப்புறம், நான் கேட்காமலேயே இறப்பு ஏட்டைத் திறந்தார்.

"இங்க பாரு. அருளாயி. புள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணி ஊத்தன ஒம்போதாம் நாளு செத்துட்டாங்க."

தாயை இழந்த பிள்ளையை வளர்த்தது யார் என்பதை ஊர்தான் பெயர் வைத்தே சொல்லியிருக்கிறதே!

ஐந்து நாளாக நானும் சவுரியம்மாளைச் சந்தேகித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

உபதேசியார் தந்த நகலைக் கண்டதும் சித்தப்பா கண்ணாடி போட்டு இருமுறை வாசித்தார்.

"அப்ப ஊர்ல சொன்னதுல்லாம்?"

நான் டீயை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சர்தான் வுடு. எனக்கு மொதப் பந்தியில எடம் போட்டுடு."

மாலையில் துணிந்து சம்பந்தியை அழைத்து, நடந்தது அனைத்தையும் சொன்னேன். சம்பந்தமே முறிந்துவிடுமோ என்று மறுபடி பயம்!

"எங்கப்பா கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு குழில மெழுவத்தி ஏத்துவாரும்மா," என்றார். "ஒண்ணு அவரு அம்மாவுது. இன்னொண்ணு யாருதுன்னு நாங்க கேட்டதே இல்ல."

பின்பு, "கல்யாணப் பத்திரிகைல சவுரியம்மா பேரு மேல வரணும். எங்க பக்கம்," என்றார்.

"அவர் எங்கள் வீட்டுப் பெண், சம்பந்தி!"

"வளத்தது எங்கப்பாவ ஆச்சே!"

அச்சகத்தார் நாளைக் காலை வரைதான் அவகாசம் தந்திருக்கிறார்.

ஆகவே அன்பர்களே, தங்கள் மேலான கருத்தைக் கோருகிறேன்: பெண் வீட்டார் பக்கமா, மாப்பிள்ளை வீட்டார் பக்கமா?

சம்பந்தி விட்டுக்கொடுப்பதாக இல்லை.

நானும்தான்!