ஹன்சாவின் சிவப்பு ஆப்பிள்

நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காகக் கோட்டாவுக்கு வந்த சில நாளிலேயே ஹன்சா கோதாராவுக்குப் புரிந்துவிட்டது. ஐஐடி தேர்வில் கணக்கு அவளைக் கைவிடாது. காலை வாரப்போவது கனிம வேதியியல்தான். யோசித்து விடை கண்டுபிடிக்க அதில் வழியே இல்லை. எல்லாம் மனப்பாடம்.

அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. தீயில் காட்டினால் எந்த உலோகம் என்ன நிறத்தில் எரியும் என்பதற்கு உலோகத்துக்கொரு பொருளை மனதில் கட்டி வைத்தாள். சோடியத்துக்கு மஞ்சள் தண்ணீர். கால்சியத்துக்கு அப்பா வேலை பார்க்கும் ஹனுமான்கட் சூளையின் செங்கல். பேரியத்துக்குப் புத்தகமே ஆப்பிளைத் தந்திருந்தது.

பயிற்சி மையத்தின் போன தேர்வில் பேரியம் வந்தது. ஆப்பிளை நினைத்தாள், சிவப்பு என்று குறித்தாள். அந்த ஒரு கேள்வியில் மேல் பேட்ச் கைநழுவியது. கீழ் பேட்சில் ஆசிரியர்களுக்குப் பெயர்கூட நினைவிருக்காது.

"பேரியம் பச்சைடீ! புத்தகத்துல 'ஆப்பிள் பச்சை'ன்னு இருக்கு. பாதிய முழுங்கிட்டியா?" என்றாள் அறைத்தோழி பூமிகா.

"ஆப்பிள் எங்கடீ பச்சையா இருக்கு? எங்க ஊர் தள்ளுவண்டில எல்லாம் சிவப்புதான்."

பூமிகா இமாச்சல்காரி. ரோஹ்ரூவில் அவள் வீட்டுக்கு ஆப்பிள் தோட்டம். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் புரண்டவள், அம்மாவை வீடியோவில் அழைத்தாள். "அம்மா, தோட்டத்தக் காட்டு. இங்க ஒரு மகாராணி நம்ப மாட்டேங்கறா!"

திரையில் மரம் அசைந்தது. கிளை நிறைய இளங்காய்கள், வெளிர்பச்சையாக. ஹன்சா வாயைப் பிளந்தாள்.

"பழுக்கறதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையா, பொண்ணே?" என்றார் அந்த அம்மா.

"இல்ல ஆன்ட்டி. இனி மறக்கவே மாட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பச்சைச் சுடர் தரும் உப்பு எது என்று கேள்வியைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. பேரிய உப்பைக் குறித்தாள். அடுத்த நாள் மாலை கைபேசியில் செய்தி வந்தது: மேல் பேட்ச். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைப் பெண்கள் கதவைத் தட்டினார்கள்.

செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு, இருவரும் கோயிலுக்கு ஓடினார்கள். அங்கே மாணவர்கள் வேண்டுதலை எழுதி எழுதியே சுவர் கறுத்திருந்தது. எல்லாம் ரேங்க், ஐஐடி. இடுக்கில் இடம் தேடி ஹன்சா எழுதினாள்: 'பேரியம் பச்சை.'

"அடிப்பாவி, சாமிக்கே பாடம் நடத்தறியா?"

"அவரும் சிவப்புன்னு நெனச்சிருந்தா?"