நெற்றியில் காணாமல் போன பொட்டு

1. ஒரு கேள்வி

"நான் உயிரோடதானே கீறேன், அண்ணாத்த?"

ஸ்டுடியோவுக்கு வந்த வாடிக்கையாளர் இப்படிக் கேட்டால் ஆபரேட்டர் என்ன பதில் சொல்வது? கேட்டவர் ஏகாம்பரம், மாமல்லபுரத்துக்காரர். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. அவர் கையில் இருந்தது அவர் மனைவி அலமேலுவின் படம். நான் எடுத்தது. அதுவரை நான் எடுத்த படங்களிலேயே அதுதான் சிறந்தது என்று அன்று காலையில்தான் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது புரிய, பத்து நாள் பின்னால் போக வேண்டும்.

2. இரண்டு கேமராக்கள்

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் நான் ஆபரேட்டர். முதலாளி துரைக்கண்ணு. எங்களிடம் இருந்தது தேக்குமரத்து ஸ்டாண்டு கேமரா, கண்ணாடி பிளேட்டில் எடுப்பது. படம் கூர்மையாக விழும். ஆனால் வெளியூர் வேலை வந்தால் கேமரா, முக்காலி, பிளேட் பெட்டி எல்லாவற்றையும் பஸ் கூரையில் ஏற்றி, இரண்டு பேர் போக வேண்டும். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் பிளேட் உடைந்துவிடுமோ என்று பஸ் நிற்கிற இடமெல்லாம் கூரை ஏறிப் பார்ப்போம்.

கையிலேயே எடுத்துப்போகிற மாதிரி ஒன்று வாங்கலாம் என்று முதலாளி முடிவு செய்தார். மெட்ராஸ் கடைக்காரர் இரண்டு கேமராக்களை இரண்டு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். ஒன்று சட்டைப் பையில் அடங்குகிற சின்னது. இன்னொன்று இரட்டை லென்ஸ் பெட்டி. மேல் லென்ஸில் பார்க்க வேண்டும், கீழ் லென்ஸ் படம் எடுக்கும்.

"முனுசாமி, எது நல்லதுன்னு நீயே பாத்து சொல்லு. ஆனா பெருசா போட்டா மூஞ்சி தெளிவா தெரியணும். அதான் முக்கியம்" என்றார் முதலாளி.

எனக்குச் சோறு தண்ணி மறந்துபோயிற்று. சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, மூன்று கேமராவாலும் ஒரே தூரத்திலிருந்து எடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து எந்த எழுத்துவரை படிக்க முடிகிறது என்று பார்த்தேன். சின்னக் கேமராவின் படத்தைப் பெரிதாக்கினால் ரவை தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வந்தது. அதை ஒதுக்கினேன். இரட்டை லென்ஸ், ஸ்டாண்டு கேமராவுக்குக் கொஞ்சம்தான் பின்தங்கியது. தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகலாம். எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். கடைக்காரர் கேமராவோடு கொடுத்தது 'பான்' பிலிம். அதைக் கும்மிருட்டில்தான் கழுவ வேண்டுமாம், டார்க்ரூமில் வழக்கமாகப் போடுகிற சிவப்பு விளக்குகூட ஆகாதாம். ஆறு வருஷமாகச் சிவப்பு வெளிச்சத்தில் பிளேட் கழுவிப் பழகியவனுக்கு இது பேஜாரு. முணுமுணுத்தேனே தவிர, ஏன் ஆகாது என்று யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் நோண்டுகிறவன், அதை மட்டும் நோண்டாமல் விட்டேன்.

3. மாமல்லபுரத்தில் ஒரு காலை

அந்தச் சமயத்தில்தான் ஏகாம்பரம் வந்தார். இன்னும் ஒரு வாரத்தில் கப்பல் ஏற வேண்டும், திரும்பி வர ஒரு வருஷம் ஆகும்.

"வூட்டுக்காரிக்கு எட்டு மாசம். பஸ்ல குலுங்கக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க வூட்டாண்ட வந்து ஒரு போட்டோ புடிச்சிக் குடுங்க. எடுத்துனு போவணும்" என்றார். குழந்தை பிறக்கும்போது தான் பக்கத்தில் இருக்க முடியாது என்றும் சொன்னார்.

கையில் எடுத்துப்போகிற கேமராவுக்கு இதைவிட நல்ல சோதனை ஏது? மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன்.

அலமேலு வெட்கப்பட்டார். ஸ்டாண்டு கேமரா என்றால் கறுப்புத் துணிக்குள் புகுந்துகொள்வேன், எதிரே இருப்பவர்கள் விறைத்துப்போவார்கள். இந்தக் கேமராவை வயிற்றோடு வைத்துக்கொண்டு, தலை குனிந்து மேல் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

"இவரு இன்னா, என்னைப் பாக்காம தரையப் பாத்துனு கீறாரு?" என்று அலமேலு கணவரிடம் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்தேன். பின்னால் கடலும் வானமும் எடுப்பாக விழட்டும் என்று லென்ஸின்மேல் மஞ்சள் கண்ணாடி பில்டர் வேறு போட்டிருந்தேன்.

பிரிண்ட் வந்ததும் பூதக்கண்ணாடியை வைத்தேன். கண்ணிமை முடியை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. மூக்குத்தியின் கல் தெரிந்தது. முகம் பிளேட்டில் விழுவதைவிட வெளுப்பாக, பளிச்சென்று இருந்தது. முதலாளியும் தலையாட்டினார். இமை முடியை எண்ணிய நான் நெற்றியைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஏகாம்பரம் வந்து படத்தை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

படத்தை வாங்கிப் பார்த்தேன். அலமேலு எடுப்பாகத்தான் குங்குமம் வைத்திருந்தார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தில் நெற்றி துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. புருஷன் கடலுக்குப் போகிற நேரத்தில், பிள்ளைத்தாச்சியின் நெற்றியில் பொட்டு இல்லை.

முதலாளி சுதாரித்துக்கொண்டார். "ஒண்ணும் இல்ல நைனா. ஒரு நிமிசம் குந்து. பிரஷ்ல ஒரு புள்ளி வெச்சா சரியாப் பூடும்" என்று என் பக்கம் மையை நகர்த்தினார்.

ஏகாம்பரம் படத்தின்மேல் கையை வைத்து மூடினார். "வாணாம். அது இவரு வெக்கிற பொட்டு. எனக்கு அவ வெச்சது வோணும்."

எத்தனை படத்தில் எத்தனை புள்ளி வைத்திருக்கிறோம், இப்படி ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அவர் சொன்னதும், ஒரு பெண்ணின் நெற்றியில் அந்நிய ஆண் பொட்டு வைப்பதாக அது ஆகிவிடுகிறது என்று எனக்கே உறைத்தது.

"சனிக்கெழம காலைல இங்கதான் ரயில் ஏறுவேன். அதுக்குள்ள முடியுமா பாருங்க. இத கிழிச்சிப் போட்டுடுங்க, அவ கண்ணுல படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. என் நெற்றி

"பழைய கேமராவத் தூக்கினு போன்னு சொல்லலாம்னா, நாளைக்கு ஸ்கூல் குரூப் போட்டோ கீது" என்று முதலாளி தலையில் கை வைத்தார். "இந்தப் பொட்டி ஆவாது. திருப்பி அனுப்பிடு."

எனக்குக் கோபம் வந்தது. லென்ஸ் இமை முடியைப் பார்க்கிறது, குங்குமத்தைப் பார்க்காதா? டார்க்ரூமில் போய் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது பொறி தட்டியது.

எங்கள் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. தெரியாததால்தான் இந்த விளக்கில் அதைக் கழுவ முடிகிறது. தெரியாத நிறம் படத்தில் கறுப்பாக விழும். அதனால்தான் எங்கள் ஸ்டுடியோவில் எல்லாப் பெண்களின் குங்குமமும் கரிய பொட்டாக நின்றது. புதுப் பிலிமுக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், அதனால்தான் சிவப்பு விளக்கு ஆகாது. அதில் குங்குமமும் மாநிறத் தோலும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. நான் போட்ட மஞ்சள் பில்டர் சிவப்பை இன்னும் வெளுக்க வைத்திருக்கிறது. குற்றம் கேமராவுடையது இல்லை.

பெட்டி கேமரா வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் விற்கிற மலிவு ரோல் 'ஆர்த்தோ' பிலிம். பழைய பிளேட்டைப் போலவே அதற்கும் சிவப்பு தெரியாது. இரட்டை லென்ஸில் மாட்டுகிற அளவும் அதேதான். ஆனால் இன்னொரு தடவை குருட்டாம்போக்கில் போக எனக்குத் துணிவில்லை. சுவாமி படத்தடியில் இருந்த குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் அப்பிக்கொண்டு வெயிலில் நின்றேன்.

"புதுப் பொண்ணாட்டம் கீறடா. யாராச்சும் பாத்தா ஸ்டுடியோக்கு ஆளு வராது" என்று முணுமுணுத்துக்கொண்டே முதலாளி மிச்சமிருந்த பான் பிலிமில் இரண்டு எடுத்தார். பிறகு மலிவு ரோலை மாட்டி, பில்டரைக் கழற்றிவிட்டு இரண்டு எடுத்தார். கழுவிப் பார்த்தோம். முதல் இரண்டில் என் நெற்றி வெறுமை. பின் இரண்டில் பொட்டு கறுப்பாக, திட்டமாக இருந்தது. முதலாளி என் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் மாமல்லபுரம். பிலிம் கெட்டுப்போய்விட்டதாக மனைவியிடம் சொல்லி வைத்திருப்பதாக ஏகாம்பரம் வாசலிலேயே காதோடு சொன்னார். நானும் தலையாட்டினேன். அலமேலு தலைகுளித்து வந்து உட்கார்ந்தார். நான் கேமராவைத் திறந்து குனிந்ததும், "கொஞ்சம் இருங்க" என்றார். உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து, என் எதிரிலேயே இன்னும் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டார்.

"இந்தத் தபா தெரியுமில்ல?"

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நேத்திலேர்ந்து என் நெத்தியவே பாத்துனு கீறாரு. கேட்டா ஒண்ணுமில்லன்றாரு. எனக்குத் தெரியாதா?" என்றார் அலமேலு. அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் கண்ணாடியில் உருவம் கலங்கித் தெரிந்தது.

5. சனிக்கிழமை

டிரங்குப் பெட்டியோடு வந்த ஏகாம்பரத்திடம் படத்தைக் கொடுத்தேன். கண்ணிமை முதல் படத்தில் இருந்த அளவு துல்லியமில்லை, முகமும் சற்றுக் கறுத்துத்தான் விழுந்திருந்தது. அவர் நெற்றியை மட்டும் பார்த்தார். "இது அவ வெச்சது" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

கேமராவை வாங்கிக்கொண்டோம். எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், கிழித்துப் போட்ட அந்த முதல் படம் அந்த ஒரு வருஷமும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏகாம்பரம் திரும்பி வந்து, கன்னத்தில் மைப்பொட்டு வைத்த குழந்தையோடும் அலமேலுவோடும் ஸ்டுடியோ பெஞ்சில் உட்கார்ந்த அன்றுதான் எனக்கு மூச்சு வந்தது.

கேமரா வாங்கப் போகிறவர்கள் எது துல்லியமாக விழும் என்று என்னிடம் கேட்கிறார்கள். அந்தப் படத்தில் எது விழாமல் போனால் அது படமே இல்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். அதற்குப் பிறகு எத்தனையோ கேமராக்கள் என் கைக்கு வந்துபோயின. ஒவ்வொன்றிலும் முதல் படம் குங்குமம் வைத்த என் நெற்றிதான்.