ஜான் பீ கொடுக்காத சர்க்கரை

சென்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டாம் நாள் பட்டினியாகக் கிடந்த பதினேழு வயதுப் பரிதா, பெற்றவளைப் பார்த்து, "யாருடி நீ?" என்றாள்.

ஜான் பீ மகளின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

அரூர்த் தெருக்களில் வளையல் விற்றுப் பிழைக்கும் விதவை அவள். இரண்டு வருஷமாக, விடிந்தால் மகள் இப்படித்தான் பிதற்றுவாள். கை கால் வெட்டி இழுக்கும். பேய் என்றார்கள், தாயத்துக் கட்டினார்கள். ஒரு மடக்குச் சர்க்கரைத் தண்ணீருக்கு அந்தப் பேய் ஓடுவதைக் கண்டுபிடித்தவள் ஜான் பீதான். 1972 ரம்ஜான் நோன்பில் பரிதா கிணற்றடியில் சுருண்டு விழவும், மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினாள்.

கணையத்தில் அபூர்வமான சின்னக் கட்டி இருக்கலாம், அதுதான் ரத்தத்துச் சர்க்கரையை இறக்குகிறது என்று பெரிய டாக்டர் சந்தேகப்பட்டார். பட்டினி போட்டு, மயக்கம் வரும்போது ரத்தம் எடுத்து நிரூபணமானால்தான் கத்தி வைப்பார். போன வாரம் மகளின் கண் செருகியதுமே, ஜான் பீ முந்தானையில் முடிந்திருந்த சர்க்கரையை அவள் வாயில் கொட்டிவிட்டாள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி, சோதனை பொய்த்தது. இம்முறையும் கெட்டால் மனநோய் வார்டுதான்.

"இன்னிக்கும் கடத்தல் சரக்கு இருக்குதாங்க?" என்றாள் நர்ஸ் செல்லம்மாள், ஊசியோடு.

"அல்லா மேல ஆணையா இல்லீங்க. சேலையை உதறிப் பாருங்க."

"அம்மா, சக்கரை குடும்மா! கொல்றியே என்னை!" பரிதா அலறினாள்.

ஜான் பீ இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். "மாட்டேன் கண்ணு. மாட்டேன்."

"நீதான்டி பேய்!"

உடம்பு வில்லாய் வளைந்தது. செல்லம்மாளுக்கு நரம்பு பிடிபடவில்லை. ஒரு குத்து. இரண்டாவது குத்து.

"எடுங்கம்மா சீக்கிரம்! புள்ள போயிருவா!"

மூன்றாவதில் குழாய் சிவந்தது. அடுத்த நொடியே குளுக்கோஸ் ஏறியது.

எழுபதுக்குக் குறையக்கூடாத சர்க்கரை, இருபத்து நான்கு!

ஐந்தாம் நாள் அறுவை. எந்த எக்ஸ்ரே படத்திலும் தெரியாத கட்டியை, டாக்டர் கணையத்தை விரலால் தடவித் தடவியே தேடினார். நான்கு மணி நேரம் கதவு திறக்கவில்லை. திறந்தபோது செல்லம்மாள் ஓடி வந்தாள்.

"புளியங்கொட்டை அளவுங்க. எடுத்த அரை மணியில சக்கரை ஏறிருச்சு!"

ஜான் பீ மேற்கே பார்த்துத் தரையில் நெற்றி பதித்தாள்.

அறுவை முடிந்த எட்டாம் நாள், கஞ்சி குடித்துக்கொண்டே பரிதா கேட்டாள்: "அன்னிக்கு உன்னை ஏதாச்சும் திட்டினனாம்மா?"

"தண்ணி கேட்ட. அவ்ளோதான்," என்றாள் ஜான் பீ. "ஆறிப் போவுது, குடி."