மணவறைக்குப் பின்னால்

மண்டபத்துக்குள் இருட்டு, படம் நன்றாக வராது என்று என் கல்யாணத்தை வெளியில் வைக்கப் பிடிவாதம் பிடித்தவள் நான்தான். இடம் பார்க்க ஹட்டனிலிருந்து வந்த போட்டோக்காரர், எங்கள் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் மணவறை போடச் சொன்னார்.

"பின்னால லயம் ஒன்னும் தெரியாதுங்க. வெறும் தேயிலை மலைதான்."

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த எனக்குச் சுருக்கென்றது. வெறும் மலையாம். அதன் மேல் ஒற்றையாக நிற்கும் மரத்தடியில்தான் அப்பாவைப் புதைத்திருந்தோம். வேறு இடம் பார்க்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா மலையைக் கைகாட்டி அவரிடம் கேட்டார்.

"தம்பி, அந்த மரத்தடியும் படத்துல விழுமா?"

"நல்லாவே விழும்மா."

"அப்ப மணவறை இங்கயே இருக்கட்டும்."