செபஸ்தியன் போட்ட பறவைநாக வேஷம்

மலாயாவில் கூலாய்ப் பட்டணத்துக்கு மேற்கே இருந்த அந்த ரப்பர் எஸ்டேட்டில் செபஸ்தியனைத் தெரியாதவர் இல்லை. பால் மரம் சீவுவதில் பெயரெடுத்தவன் என்பதால் அல்ல. அதில் அவன் நடுத்தரம்தான். ஆண்டுதோறும் செப்டம்பர் கடைசியில், மிக்கேல் சம்மனசு திருநாளன்று, கோயில் முற்றத்தில் ஊர் பார்க்க மிதிபடுகிறவன் அவன். அதனால்தான் தெரியும்.

நாடகம் ஒன்றும் பெரிதில்லை. வானத்திலிருந்து இறங்கி வரும் தேவதூதர் மிக்கேல், பிசாசின் உருவமான பறவைநாகத்தோடு சண்டை போடுவார். ஈட்டியால் குத்திச் சாய்த்து, கழுத்தில் கால் வைப்பார். கால் வைத்ததும் பாட்டு தொடங்கும். பாட்டு முடியும்வரை கால் எடுக்கக் கூடாது.

கூலியாட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், சம்மனசு வேஷம் மேல் லயத்துக்கு. மரியநாதன் கங்காணியின் மகன் தோமஸ், மீசை அரும்பிய நாளிலிருந்து அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பறவைநாகம் கீழ் லயத்துக்கு. இப்படித்தான் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. பூசையில் மேல் லயத்தார் பீடத்தருகே, கீழ் லயத்தார் கதவோரம் என்றும் எழுதி ஒட்டவில்லை. கப்பலேறும்போது மூட்டை முடிச்சோடு சாதியையும் ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு எழுத்து எதற்கு?

செபஸ்தியனுக்கு முன் அவன் மாமனார் படுத்தார். அவர் காலமான பிறகு இவன். தோமஸ் பூட்ஸ் காலோடுதான் மிதிப்பான். போன திருநாளுக்குப் பிறகு செபஸ்தியனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மரத்துக்கு மரம் உடம்பையே திருப்பிச் சீவினான். அப்போதும் அவனுக்குக் கோபம் வரவில்லை. பிசாசு மிதிபடத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

வேஷக்காரனே நாகத் தலையும் செய்துகொண்டு வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த ஆண்டு பழைய தலையைக் கரையான் தின்றுவிட்டது. செபஸ்தியன் கூலாய்க்கு நடந்து போய் ஆ குவானிடம் சொல்லிவைத்தான். சீனர்களின் சாவுக்குக் காகித வீடு, காகிதக் குதிரை செய்கிற கிழவன் அவன். நாகத்தின் தலை என்றதும் கிழவனுக்கு வாயெல்லாம் பல். அடுத்த வாரம் போனபோது தலை தயாராக இருந்தது. மூங்கில் சிம்பு கட்டி, காகிதம் ஒட்டி, பொன் வண்ணக் கண்ணும் சிவப்பு நாக்கும் நீள மீசையும் வைத்திருந்தான். அவ்வளவு அழகான ஒன்றைச் செபஸ்தியன் அதற்கு முன் கையில் ஏந்தியதே இல்லை.

என்ன விழா என்று கிழவன் கடைத்தெரு மலாயில் கேட்டான். செபஸ்தியன் ஒளிக்காமல் சொன்னான். கிழவனுக்கு விளங்கவில்லை. எனவே இவன் ஈட்டியால் குத்துவதுபோல் கையை ஓங்கி, தரையில் காலை ஊன்றி மிதித்துக் காட்டினான்.

ஆ குவான் தலையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

"நாகா ராஜா," என்றான். "நாகா காசி ஹூஜான்." மழை தருவதே அதுதானாம். அரசர்கள் அதைத்தான் சட்டையில் தைத்துப் போட்டுக்கொள்வார்களாம். அதை மிதிக்கிறவன் எந்த ஊர்ப் பைத்தியக்காரன் என்று கேட்டபடியே கடைப் பலகையைச் சாத்தினான்.

திரும்பும் வழியில் முதலில் கிழவன்மேல்தான் ஆத்திரம் பொங்கியது. எஸ்டேட் எல்லைக்கு வருவதற்குள் அது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"வெறுங்கையோட வர்றீங்க, தலை எங்க?" என்றாள் மனைவி சூசையம்மாள்.

"குடுக்க மாட்டேன்ட்டான். அவங்களுக்கு அது ராஜாவாம். மழை குடுக்குமாம்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "கூலாயிலயா?"

"கூலாயிலதான்."

"நடந்து போற தூரத்துல ராஜா, இங்க வந்தா பிசாசா? அப்ப பாம்பு மேல குத்தம் இல்லீங்க. கதை கட்டுறவன் யாரைக் கை காட்டுறானோ அதான் பிசாசு." முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கப்பா படுத்தாரு. நீங்க படுக்கிறீங்க. கங்காணி வீட்டுல ஒருத்தருக்குக்கூடவா பிசாசு ஜாடை இல்ல?"

செபஸ்தியன் சிரிக்கவில்லை.

திருநாள் பிற்பகலில் கறுப்புச் சாக்கும் வாலும் கட்டிக்கொண்டு, வெறும் முகத்தோடு முற்றத்துக்கு வந்தான்.

"தலை எங்கடா?" என்றார் மரியநாதன் கங்காணி.

"இதான் தலை."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. சண்டை நடந்தது. தோமஸ் ஈட்டியால் குத்தினான். விழ வேண்டியவன் விழவில்லை.

"படுடா," என்று தோமஸ் பல்லைக் கடித்தான்.

"படுக்க மாட்டேன், தோமஸ்." அதுவரை சின்னய்யா என்று மட்டுமே அழைத்த வாய் அது. "இத்தனை வருசம் நாங்க படுத்தாச்சு. இந்த வருசம் உங்கப்பாவப் படுக்கச் சொல்லு. பூட்ஸைக் கழட்டிட்டு மிதி. வயசானவரு."

பாட்டுக்காரர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். கங்காணி கீழ் லயத்துக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: "வேற எவனாவது வாங்கடா." ஒருவரும் அசையவில்லை. மேல் லயத்துப் பக்கம் திரும்பினார். அவருடைய சொந்த மைத்துனர் குனிந்து வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓங்கிய ஈட்டியை எங்கே வைப்பதென்று சம்மனசுக்குத் தெரியவில்லை.

தமிழ் இன்னும் பழகாத புதுப் பங்குச் சாமியார், ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டார். அவனுக்கு வயிற்றுவலி என்று, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் இங்கிலீஷில் சொன்னார். சாமியார் இரக்கத்தோடு செபஸ்தியனை நோக்கிச் சிலுவை வரைந்தார். அவர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டியதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வயிறு நல்லாத்தான் இருக்கு சாமி," என்று உரக்கச் சொன்னான். "கழுத்துதான் வலிக்குது." உபதேசியார் அதை மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்து செபஸ்தியனைத் தாண்டிப் போனார். அப்படித் தாண்டினால் வேலையும் இல்லை, லயத்தில் அறையும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"சூசையம்மா."

அவள் கையிலிருந்த சீவுகத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூசையம்மா. காது அடைச்சிருக்கா?"

"கேக்குது, கங்காணி," என்றாள் அவள். சீவுகத்தியை அவர் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என் பேரையும் வெட்டிடுங்க. அடுத்த வருசம் மிதிக்க எங்க வீட்டுல ஆள் கிடையாது."