ஒப்பந்தத்தில் இல்லாத நாங்கள்

யாங்கோன் நகரத்துப் பசுந்தாங் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டில், அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. அப்பா வாதம் வந்து படுத்திருந்தார். கட்டிலை நகர்த்தலாம் என்றால் எங்கே நகர்த்துவது? ஒரே அறை, அதன் பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. மழைக்கு முன் அதைச் சரிசெய்தாக வேண்டும். அதற்காக நடந்த நடையை நினைத்தால் இப்போதும் அலுப்பாக வருகிறது.

அந்த நாட்களில் யாங்கோனில் அடுக்குமாடி இப்படித்தான் எழும்பும்: நிலக்காரர் நிலத்தைக் கொடுப்பார், கன்ட்ராக்டர் தன் செலவில் கட்டுவார், மாடிகளை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். கன்ட்ராக்டர் பங்கில் வந்த ஒரு வீட்டை அப்பா வாங்கினார். பர்மாத் தமிழர்களான எங்களிடம் முழுக் குடியுரிமை அட்டை கிடையாது; அது இல்லாமல் எங்கள் பெயரில் வீடு எழுதினால் சிக்கல். எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார். பணம் அவருடையது, ஒப்பந்தத்தில் இருந்த பெயர் அவரோடு வேலை பார்த்த பர்மியப் பெண்மணியுடையது. நல்ல மனுஷி. நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம், அப்பா தங்கச்சி என்பார்.

“ஸயா, நீங்க கட்டுன வீடுதானே, வந்து ஒரு பார்வை பாருங்க” என்று கன்ட்ராக்டரிடம் பர்மிய வழக்கப்படி மரியாதையாகவே கேட்டேன்.

“நான் எழுதிக் குடுத்தது அந்த ஆன்ட்டிக்கு. நீ குடியிருக்கிற பொண்ணு. உனக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஒரு வக்கீலிடம் போனேன். குடியிருப்பவர்களுக்கும் கட்டியவரே பொறுப்பு என்று தனியாக ஒரு தாள் எழுதி வாங்கியிருக்கலாமே என்றார். வாங்கியிருந்தால் அவர் வாசலில் எனக்கு என்ன வேலை?

கடைசியில் நகரத்துக்கு வெளியே இருக்கும் மாவ்பிக்கு பஸ் ஏறி, மகனோடு இருந்த ஆன்ட்டியை அழைத்து வந்தேன். அவர் முகம் சுளிக்காமல் வந்தார். கன்ட்ராக்டர் குழைந்தார். மறுநாளே ஆட்கள் வந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு அப்பாவை அடுப்படியில் படுக்க வைத்தோம். இடித்தார்கள், கம்பியைச் சுரண்டினார்கள், பூசினார்கள். என்ன நிறம் அடிக்கலாம் என்று கன்ட்ராக்டர் கேட்டபோது ஆன்ட்டி என்னைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணை ஏன் பாக்குறீங்க? வீடு உங்களோடது” என்றார் கன்ட்ராக்டர்.

இல்லை என்று சொன்னால் எங்கள் ஏற்பாடு வெளியே வந்துவிடும். ஆன்ட்டி சிரித்து மழுப்பி, வெள்ளை என்றார். நானும் வெள்ளைதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் வலித்தது. அவருக்குத் தேநீர் கலந்து கொடுத்தேன், அவர் என் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் புறப்பட்டார்.

அடுப்படிக்குப் போய், “அப்பா, வேலை முடிஞ்சிருச்சு. இனி பயமில்ல” என்றேன்.

பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்திருக்கிறார். குழறிய நாக்கோடு மெதுவாகக் கேட்டார்:

“வீட்டுக்காரம்மா போயிட்டாங்களா?”

அவர் கேலி செய்யவில்லை.

“போயிட்டாங்கப்பா” என்றேன்.