றெஜினாவின் முதல் சோடி

இன்று ஒட்டுசுட்டான் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

திரும்பினால் றெஜினா. நாட்டுக்காகப் பல வருடங்கள் இரட்டையர் பட்மின்ரன் விளையாடி ஓய்ந்தவள்.

தொண்ணூறுகளின் கடைசியில் விசுவமடுவில் நானும் அவளும்தான் சோடி. கொழும்பில் நடந்த தெரிவுப் போட்டிக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளியேறத் தேவையான பாஸ் அவளுக்கு மட்டும்தான் கிடைத்தது. "நீயாவது போ" என்று நான்தான் அனுப்பினேன். அங்கே அவளை வேறொருத்தியோடு சோடி சேர்த்தார்கள்.

என் பக்கத்தில் வந்திருந்து கேட்டாள்: "என்னில கோவமோடி?"

"இருந்தது. பேப்பரில உன்ர படம் வந்தா மற்றப் பக்கம் திருப்பிடுவன்."

அவள் சிரிக்கவில்லை.

"முதல் வெளிநாட்டுப் போட்டியில கடைசிப் பந்து நடுவில வந்தது. அவசரத்தில, உன்னோட விளையாடேக்க கத்துற மாதிரி 'என்ர!' எண்டு கத்திப்போட்டன். என்ர புதுச் சோடிக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேரும் ஓடி, மட்டையும் மட்டையும் அடிபட்டு, தோத்திட்டம். பிறகு சிங்களத்தில கத்தப் பழகினன். ஆனா அண்டைக்கு உன்னை நினைச்சு அழுதனான்."

தனியாக விடப்பட்டவள் நான் மட்டும்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது, "நாளைக்கு விளையாடுவமே?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

ஆகவே, நாளை பின்னேரம் எங்களுக்கு எதிராக விளையாட ஒரு சோடி தேவை. எங்கள் இருவருக்கும் முழங்கால் சரியில்லை. நல்ல முழங்கால் உள்ளவர்கள் தயவுசெய்து கை தூக்க வேண்டாம்.